களத்தில் மிஞ்சிய ஒருவர்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் ரோஷம் அதிகமாகவும் இருந்த காலத்தில், ஒரு நாட்டை உத்தமகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். கெட்ட மனிதர் இல்லை. பஞ்சம் வந்தால் களஞ்சியத்தைத் திறந்துவிடுவார். ஏரி உடைந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே கரையில் போய் நிற்பார். அவருக்கு இருந்தது ஒரே ஒரு நோவுதான். தன்னைவிட இன்னொருவன் நல்லவன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

ஒருநாள் விருந்தில் ஊர் ஊராகத் திரியும் பாணன் ஒருவன் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு யாழை எடுத்தான். பக்கத்து நாட்டுத் திருமேனி ராஜாவைப் பற்றிப் பாடினான். அவர் நாட்டில் அறம் கன்றுக்குட்டி மாதிரி அரண்மனை வாசலில் படுத்து அசைபோடுகிறதாம். உத்தமகண்டருக்குப் பாயசம் புரையேறியது.

"அப்படியானால் நம் நாட்டில் அறம் எங்கே படுத்திருக்கிறது?" என்று கேட்டார்.

சபை தலையைக் குனிந்துகொண்டது. விகடம் சொல்லும் காத்தாயி மட்டும் வாயைத் திறந்தாள்.

"நம்ம நாட்டுல அதுக்குப் படுக்க ஏது நேரம் மகாராஜா? பாவம், ஓயாத வேலை."

சபை சிரித்தது. ராஜாவுக்கும் உதடு துடித்தது. மந்திரி சிங்கவேளுக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது.

காத்தாயி அரண்மனை லாயத்துக்குப் புல் அறுத்துப் போட்டவரின் மகள். அவள் வீட்டில் எழுத்துப் படித்த முதல் ஆள் அவள்தான். புல்லுக்கட்டை இறக்கிவைத்த இடத்தில் அவள் அடித்த ஒரு கேலியைக் கேட்டு ராஜா வயிறு வலிக்கச் சிரித்து, அன்றைக்கே சபையில் பலகை போட்டுக் கொடுத்துவிட்டார். பரம்பரை பரம்பரையாகப் பலகையில் உட்கார்ந்தவர்களுக்கு அது பொறுக்குமா? அவள் உள்ளே வந்தாலே இன்னும் புல்வாசம் அடிக்கிறது என்று மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். "குதிரைக்குப் பிடிச்ச வாசம் உங்களுக்குப் பிடிக்கலியா?" என்று கேட்டுவிட்டு அவள் உட்கார்ந்துகொள்வாள்.

சிங்கவேள் சபை கேட்கும்படியே ராஜாவின் பக்கம் குனிந்தார்.

"மன்னா, அறத்தில் பெரியவர் யார் என்பதைப் போர்க்களம் காட்டட்டும். எல்லாச் சமயத்தாரும் ஒப்புக்கொள்ளும்படி அறப்போர் ஒன்றைத் தாங்கள் நடத்தினால், திருமேனியின் பெயரைப் பிறகு எந்தப் பாணன் பாடுவான்?"

தான் அதிக நல்லவன் என்று காட்டுவதற்காக ஆளை வெட்டப் போவது! கேட்டதும் காத்தாயி கேலி செய்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். ராஜா எழுந்து நின்று மீசையைத் தடவியபோதுதான் அது கேலி இல்லை என்று அவளுக்குப் புரிந்தது.

மறுநாளே மூன்று பெரியவர்களுக்கு ஆள் போயிற்று. சிவன் கோயில் ஈசான குருக்கள், குன்றின் மேல் பள்ளியில் இருக்கும் சமணத் துறவி கனகநந்தி அடிகள், சோனகர் தெருப் பள்ளிவாசலின் காஜியார் மீறா லெப்பை. மூவரும் ஒன்று கூடி, அறம் எது என்று ஒரே வார்த்தையில் சொல்ல வேண்டும் என்றார் ராஜா.

மூவரும் நல்லவர்கள். ஊரில் ஒருவர் வாசல் வழியாக இன்னொருவர் போனால் நின்று விசாரித்துவிட்டுத்தான் போவார்கள். ஆனால் ஒரே கூடத்தில் உட்காரவைத்து அறம் எது என்று கேட்டால்? விளக்கு ஏற்றாமல் நல்ல காரியம் பேசக் கூடாது என்றார் குருக்கள். விளக்கில் விட்டில் விழுந்து சாகும், ஏற்றினால் நான் எழுந்து போய்விடுவேன் என்றார் அடிகள். முதலில் தொழுதுவிட்டு வருகிறேன், அதன்பிறகு விளக்கைப் பற்றிப் பேசலாம் என்றார் காஜியார். அவர் திரும்பி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. பொழுது சாய்ந்தால் அடிகள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். குருக்களோ பூஜை முடியாமல் பட்டினி. பசி ஏற ஏறக் குரலும் ஏறியது. கொடுப்பது அறம் என்றார் ஒருவர், விடுவது அறம் என்றார் ஒருவர், இறைவனுக்குப் பணிவதுதான் அறம் என்றார் ஒருவர். கடைசியில் மூவரும் மூன்று வாசல் வழியாக வெளியே போனார்கள்.

சிங்கவேள் இதற்காகத்தான் காத்திருந்தார்.

"மன்னா, கற்றவர்களால் ஆகவில்லை. நம் காத்தாயிக்கு வாய் நீளம். அவளிடம் விடுங்கள். போர்க்களத்தில் இந்த மூவரையும் ஒன்றாக நிறுத்தி, 'இதுதான் அறம்' என்று ஒரே குரலில் சொல்லவைக்கட்டும். இல்லையென்றால் அவள் மொட்டைத் தலையோடு நாட்டைவிட்டுப் போகட்டும். போரை நான் என் வழியில் நடத்துகிறேன். எல்லையிலிருந்து ஊர் ஊராகக் கொளுத்திக்கொண்டு போனால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும்."

"சம்மதமா காத்தாயி?" என்றார் ராஜா.

"சம்மதம் மகாராஜா. ஆனா அவங்க மூணு பேரும் சொல்ற அறத்தை உங்க படை மீறாதுன்னு நீங்க சபையில சொல்லணும்."

ராஜாவுக்கு இதுமாதிரி நேரங்களில் நெஞ்சு விரிந்துவிடும். "அவர்கள் சொல்வதில் ஒரு சொல் தவறினாலும் என் வாள் உறைக்குள்ளேயே துருப்பிடித்துப் போகட்டும்!" என்று முழங்கினார். "நம் பாட்டனார் காலத்து வழக்கப்படி விலகு முரசும் அடிக்கப்படும்."

அந்த விலகு முரசு என்னவென்றால், சண்டை தொடங்குமுன் இரண்டு படைக்கும் நடுவில் அடிக்கிற முரசு. ஆயுதம் படக் கூடாதவர்கள் யார் யார் என்று சொல்லி அடிப்பார்கள். பேர் சொல்லப்பட்டவர்கள் ஏரிக்கரைக்கு ஒதுங்கிவிட வேண்டும். ஒதுங்கியவர்களை யாரும் தொடக் கூடாது, கோழை என்றும் சொல்லக் கூடாது. முரசுச் சத்தம் காதில் விழுகிற எல்லாருக்கும், இந்தப் படை அந்தப் படை என்றில்லாமல், அது பொது. பக்கத்து நாட்டிலும் அதே வழக்கம்தான். மாடுகளும் நோயாளிகளும் ஒதுங்கட்டும் என்று மாடே இல்லாத பொட்டலில் அடித்துவிட்டு வெட்ட ஆரம்பிப்பார்கள். அவ்வளவுதான் அதற்கு இருந்த மரியாதை.

அன்று காத்தாயி வீட்டுக்கு வந்தபோது தம்பி சடையன் வாசலில் ஈட்டியை வைத்துக்கொண்டு, அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தான். நெற்கதிர் முற்றி நிற்கிற நேரத்தில் வயலிலிருந்து இழுத்து வந்திருந்தார்கள்.

"என்னடா இது?"

"முன்வரிசையாம்க்கா. மந்திரியே பேர் சொல்லிப் போட்டாராம். 'கேலிக்காரி தம்பி, சிரிச்சிக்கிட்டே சாவட்டும்'னு சொன்னாராம்."

காத்தாயி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். முன்வரிசையில் யார் யார் என்று கேட்டாள். சொன்னான். எல்லாம் ஏர் பிடிக்கிறவர்கள், பானை வனைகிறவர்கள், சுமை தூக்குகிறவர்கள். அரண்மனைப் பலகைகளில் உட்கார்ந்திருப்பவர்களின் பிள்ளை ஒருவன்கூட அதில் இல்லை. அறத்துக்காகச் சாவதற்கு மட்டும் எப்படித்தான் சரியாக இவர்கள் வீட்டு வாசலைக் கண்டுபிடிக்கிறார்களோ!

"பயமா இருக்காடா?"

"பயம் இருக்கட்டும்க்கா. எனக்கு அந்த ஊர்ல ஒருத்தனையும் தெரியாது. போன வருசம் நம்ம காளை அந்தப் பக்கம் ஓடிப்போச்சே, ஒருத்தன் புடிச்சிக் கட்டி வச்சி தண்ணி காட்டி அனுப்பினான். அவன் எதுக்க வந்து நின்னா நான் என்னான்னு குத்துறது?"

காத்தாயி ஈட்டியை வாங்கிச் சுவரில் சாய்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

முதலில் கோயில். குருக்கள் வில்வம் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்னடிம்மா, நீயும் அறம் எதுன்னு கேக்க வந்துட்டியா? என்னால முடியாது. தொண்டை கட்டிப்போச்சு."

"அதைக் கேக்கல சாமி. சண்டையில யாரைக் கொல்லப்படாது? அதை மட்டும் சொல்லுங்க."

குருக்கள் கை நின்றது. இதை யாரும் அவரிடம் கேட்டதே இல்லை.

"ஆயுதம் இல்லாதவனைத் தொடப்படாது. முதுகு காட்டினவனைத் தொடப்படாது. சரணம்னு வந்தவனைத் தொடப்படாது. அப்புறம்..." அவர் குரல் இறங்கியது. அவருக்குப் பிள்ளை கிடையாது. "பிள்ளை பெறாதவனையும் விட்டுடணும். அவன் போயிட்டா அவனுக்கு ஒரு வாய் எள்ளுந்தண்ணி இறைக்க யாருடி இருக்கா?"

அடுத்தது சோனகர் தெரு. காஜியார் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"வா புள்ள. ஐயரு என்ன சொன்னாரு?"

அவள் சொன்னாள். காஜியார் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"நல்லாத்தான் சொல்லியிருக்காரு. எங்க பெரியவங்க சொல்லி வச்சதும் இருக்கு. பொம்பளைய, புள்ளைங்கள, கெழவங்கள தொடாதே. தனியா ஒக்காந்து படைச்சவன நெனக்கிறவன் எந்த மார்க்கமா இருந்தாலும் அவன தொடாதே. காய்க்கிற மரத்த வெட்டாதே. கழனியில பாடுபடுற குடியானவன் மேல கை வெக்காதே. அவன கொன்னுட்டு நாளைக்கு என்னத்த திம்பே?"

கடைசியாகக் குன்று. அடிகள் மயிற்பீலியால் இடத்தைக் கூட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"யாரைக் கொல்லக் கூடாது என்கிறாயா, மகளே? எந்த உயிரையும் கொல்லக் கூடாது. இதில் சொல்வதற்கு வேறென்ன இருக்கிறது?"

காத்தாயி தலையில் கைவைத்துக்கொண்டாள். "சாமி, நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா இதை இப்படியே சொன்னா, 'துறவிக்குச் சண்டையைப் பத்தி என்ன தெரியும்'னு மந்திரி உங்களைத் தள்ளி வச்சிட்டுக் கொளுத்தக் கிளம்பிடுவாரு. வீடு வாசல்னு இருக்கிறவனுக்கு என்ன சொல்லுவீங்க? ரொம்பக் கொறைச்சலா, அவனால மறுக்கவே முடியாததா ஒண்ணு சொல்லுங்க."

அடிகள் கண்ணை மூடிக்கொண்டார். அவர் முகத்தில் வலி தெரிந்தது. இருப்பதை எல்லாம் குறைத்துக்கொள்வது அவருக்குப் பழக்கம்தான், ஆனால் கொல்லாமையைக் குறைப்பது அல்ல.

"உன் மேல் பகை இல்லாதவனைக் கொல்லாதே," என்றார் கடைசியில். "இல்லறத்தானுக்கு இதைவிடக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் இருவரும் என்ன சொன்னார்கள்?"

"உங்களுக்கு எதிரா ஒரு வார்த்தை சொல்லல சாமி. எதைச் செய்யணும்னு கேட்டா நீங்க மூணு பேரும் மூணு வாசல்ல போறீங்க. எதைச் செய்யக் கூடாதுன்னு கேட்டா ஒண்ணுமேல ஒண்ணு புல்லுக்கட்டு அடுக்கின மாதிரி அடுக்கிக்கிது."

அடிகள் முதல்முறையாகச் சிரித்தார்.

போர் நாள் வந்தது. எல்லையில் பெரிய பொட்டல், ஒரு பக்கம் ஏரிக்கரை. இந்தப் பக்கம் உத்தமகண்டர் குதிரை மேல். அந்தப் பக்கம் திருமேனி ராஜா, வயதான யானை ஒன்றின் மேல். நடுவில் முரசுக்காரன் பொத்தன். அவனுக்குப் பக்கத்தில் மூன்று பெரியவர்களும் காத்தாயியும். முன்வரிசையில் சடையன், ஈட்டியைத் தலைகீழாகப் பிடித்தபடி.

குருக்கள் சொன்னார். பொத்தன் அதை வாங்கிக் கத்தினான்.

"ஆயுதம் இல்லாதவங்க, முதுகு காட்டினவங்க, புள்ள இல்லாதவங்க எல்லாம் ஏரிக்கரைக்குப் போங்கோ!" டம், டம், டம்.

யாரும் அசையவில்லை. சிங்கவேள் புன்னகைத்தார். படையில் இருப்பவனுக்கு இது பொருந்தும் என்று எவனுக்குத் தோன்றும்?

அப்போது இந்தப் பக்கத்து வரிசையிலிருந்து நரைமீசைக்காரர் ஒருவர் தயங்கித் தயங்கி வெளியே வந்தார். "எனக்குப் புள்ள இல்லீங்க," என்றார். ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி சொன்னார். ஈட்டியைக் கீழே வைத்துவிட்டு ஏரிக்கரைக்கு நடந்தார். அந்தப் பக்கத்திலிருந்தும் ஒருவன் நடந்தான். இருவரும் கரையில் போய், கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான், வரிசை கலைந்தது. கல்யாணமே ஆகாதவர்கள் எல்லாம் கூட்டமாகக் கிளம்பினார்கள்.

"சேனாதிபதி! தடுங்கள்!" என்று கத்தினார் சிங்கவேள்.

"எப்படித் தடுப்பது? விலகு முரசில் ஒதுங்குகிறவனைத் தொட்டால் மன்னரின் வாள் துருப்பிடிக்கும்," என்றார் சேனாதிபதி. அவரும் கல்யாணம் ஆகாதவர். குதிரையை மெதுவாகக் கரைப்பக்கம் திருப்பினார்.

காஜியார் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். பொத்தன் கத்தினான்.

"கெழவங்க, தனியா ஒக்காந்து தவம் பண்றவங்க, கழனியில பாடுபடுற குடியானவங்க எல்லாம் கரைக்குப் போங்கோ!" டம், டம், டம்.

இதற்குப் பிறகு வரிசை என்று சொல்ல எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் ஏர் பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கையை விரித்துக் காட்டிக்கொண்டு ஓடினார்கள். மிஞ்சியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ போவலியா?"

"எங்கேந்து போறது? நாலு புள்ள. ஏரும் கிடையாது, கொல்லுப்பட்டறை."

"செத்த பொறு. சமணச் சாமி இன்னும் சொல்லல."

அடிகள் சொன்னார். பொத்தன் முரசை அடிக்காமல், சாதாரணக் குரலில் சொன்னான். அந்த நேரத்தில் அது போதுமாக இருந்தது.

"எதுக்க நிக்கிறவங்க மேல பகை இல்லாதவங்க, கரைக்குப் போங்க."

கொல்லர்கள் போனார்கள், குயவர்கள் போனார்கள், யானைப்பாகன் இறங்கிப் போனான். சடையன் குடியானவன் என்று சொன்னதிலேயே போயிருக்கலாம். ஆனால் இதற்காகவே காத்திருந்தவன் மாதிரி, இப்போதுதான் ஈட்டியை மண்ணில் குத்தி நிறுத்திவிட்டு நடந்தான். பாதி வழியில் அந்தப் பக்கத்து ஆள் ஒருவனைப் பார்த்து, "யோவ், நம்ம காளைக்குத் தண்ணி காட்டின ஆளு நீதானே!" என்று கத்தியது கரைவரைக்கும் கேட்டது.

இந்தப் பக்கம் உத்தமகண்டரும் சிங்கவேளும் மட்டும் நின்றார்கள்.

"வாரும் மந்திரியாரே," என்றார் ராஜா வறண்ட குரலில். "நாம் இருவராவது போரிடுவோம்."

சிங்கவேள் குதிரையிலிருந்து இறங்கிவிட்டார். "மன்னா, ஆராய்ந்து பார்த்தால் அடியேனுக்கும் யார் மேலும் பகை இல்லை."

"ஊர் ஊராகக் கொளுத்த வேண்டும் என்றீரே?"

"அது ஆலோசனை, மன்னா. பகை அல்ல." சொல்லிக்கொண்டே அவர் கரையை நோக்கி எடுத்த ஓட்டத்தில் தலைப்பாகை அவிழ்ந்து பின்னாலேயே இழுபட்டுக்கொண்டு போயிற்று. கரையில் யாரும் அவருக்கு இடம் விடவில்லை.

திருமேனி ராஜா மூச்சு வாங்கிக்கொண்டு யானையிலிருந்து இறங்கினார். கட்டை குட்டையான மனிதர். நடுவில் வந்து நின்றார்.

"எனக்கும் உம் மேல் பகை இல்லை ஐயா. எதற்காக இந்தப் போர் என்று இங்கே வரும்வரை நானும் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டுதான் வந்தேன். யாருக்கும் தெரியவில்லை," என்று கும்பிட்டுவிட்டு அவரும் கரைப்பக்கம் நடந்தார்.

பொட்டலில் உத்தமகண்டர் தனியாக இருந்தார். காற்றில் குதிரையின் பிடரி மயிர் மட்டும் அசைந்தது.

"காத்தாயி! என்ன இது?"

காத்தாயி முன்னால் வந்தாள். இப்போது சொல்லப்போவது மொட்டையோடு முடியாது, தலையே போகலாம் என்று அவளுக்குத் தெரியும். கரையில் உட்கார்ந்திருக்கிற முதுகுகளை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"மகாராஜா, மூணு பெரியவங்களும் சொன்னதில ஒரு சொல்லும் தவறல. ஆயுதத்தோட, பிள்ளைகுட்டியோட, ஏர் பிடிக்காம, மனசுல பகையோட இந்தக் களத்துல நிக்கிறவர் நீங்க ஒருத்தர்தான். அறத்தை மீறாம இன்னிக்கி யாரையாச்சும் கொல்லணும்னா, உங்களைத்தான் கொல்லணும்."

ராஜாவின் கை வாளின் பிடிக்குப் போனது. காத்தாயி கண்ணை மூடவில்லை.

ராஜா வாளைப் பார்த்தார். எதிரே வெறும் மண்ணைப் பார்த்தார். கரையில் தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டு, ஒரு குயவனின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்த மந்திரியைப் பார்த்தார். முதலில் அவருடைய தோள் குலுங்கியது. பிறகு வயிறு. குதிரைக்கே பயம் வந்து நாலடி நகர்கிற அளவுக்குச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. அது முழுக்கச் சிரிப்புத் தண்ணீர்தானா என்று காத்தாயிக்குச் சொல்லத் தெரியவில்லை.

"பெரியவர்களே, என்ன சொல்கிறீர்கள்?"

குருக்களும் காஜியாரும் அடிகளும் வெறுமையான அந்தப் பொட்டலைப் பார்த்தார்கள். கரையில் இரண்டு நாட்டு ஆட்களும் ஒரே பொட்டலத்திலிருந்து வெற்றிலை எடுத்து மடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார்கள். "இதுதான் அறம்," என்றார்கள் மூவரும். ஒரே குரல் என்று சொல்ல முடியாது, காஜியார் கொஞ்சம் முந்திவிட்டார். ஆனால் அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை.

ராஜா குதிரையிலிருந்து இறங்கினார். சிங்கவேளின் பலகையை அன்றோடு எடுத்துவிடச் சொன்னார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் காத்தாயி கையில் வைத்தார்.

"இது போதாது. வேறு என்ன வேண்டும், கேள்."

"என் தம்பியை வீட்டுக்கு அனுப்புங்க மகாராஜா. கதிர் அறுக்கணும்."

"அவ்வளவுதானா? ஒருவன் மட்டுமா?"

காத்தாயி கரையைக் காட்டினாள்.

"அங்க உக்காந்திருக்கிற எல்லாருக்கும் வீட்டுல ஒரு அக்கா இருப்பா, ராஜா."

ராஜா மறுபடியும் சிரித்தார், இந்தத் தடவை சத்தமில்லாமல். முரசுக்காரனை அழைத்து, எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல் என்றார். பொத்தன் முரசை எடுப்பதற்குள் கரையில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். அந்த வருஷம் இரண்டு நாட்டிலும் கதிர் ஒன்றுகூட வயலில் உதிராமல் வீடு வந்து சேர்ந்தது. அந்தச் சோற்றைத் தின்றவர்கள் எல்லாரும் சுகமாக இருந்தார்கள்.